வால்வு மாத்தியாச்சு... அதுக்கப்புறம்?

ராத்திரி பத்து மணிக்கு மேல் அக்கா வீட்டில் ஃபேனை நிறுத்தினால் ஒரு சத்தம் கேட்கும். 'டிக்... டிக்... டிக்...' சுவர்க் கடிகாரம் என்று நினைத்துவிடாதீர்கள். அது அக்காவின் நெஞ்சுக்குள்ளிருந்து வருகிறது. சின்னவன் அதற்கு 'அம்மா கடிகாரம்' என்று பேரே வைத்துவிட்டான். பயமில்லாமல் அவள் மேல் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே தூங்குவான். பெரியவர்களான எங்களுக்குத்தான் அந்தச் சத்தம் பழக ஆறு மாதம் ஆனது.

பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறாள் அக்கா. 34 வயதில் அவளுக்கு இதயத்தின் மைட்ரல் வால்வை மாற்றினார்கள். சென்னையில் அரசு மருத்துவமனை, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம். எங்கள் கையிலிருந்து போனதெல்லாம் பஸ் செலவும், கூட இருந்தவர்களின் சாப்பாட்டுச் செலவும்தான். "ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது" என்று டாக்டர் சொன்ன அன்று, ஊரில் பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் உடைத்தார் மாமா. கதை அத்தோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

ஆபரேஷன் நாலு மணி நேரம். அதற்குப் பிறகான நாள்களைப் பற்றி யாரும் எங்களுக்கு முழுசாகச் சொல்லவில்லை. சொன்னதில் பாதியை நாங்களும் காதில் வாங்கவில்லை. உங்கள் வீட்டிலும் ஒருவர் நெஞ்சில் தையலோடு திரும்பி வரப் போகிறார் என்றால், உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தொண்டையில் தொடங்கியது

ஒன்பது வயதில் அக்காவுக்குத் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்தன. இரண்டு மூன்று வாரம் கழித்து ஒரு முழங்கால் வீங்கியது. அது வடிந்ததும் மறு முழங்கால். "வளர்ற வயசு, அப்படித்தான் வலிக்கும்" என்று பாட்டி நல்லெண்ணெய் தேய்த்துவிட்டார். அதுதான் ருமாட்டிக் காய்ச்சல், அதாவது வாதக் காய்ச்சல் என்பது எங்களுக்குத் தெரிய 25 வருஷம் ஆனது. தொண்டையில் வரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை எதிர்க்கக் கிளம்பும் உடம்பின் படை, ஆள் மாறி இதய வால்வையே தாக்கிவிடுகிறது. மூட்டு வலி வந்த சுவடு தெரியாமல் போய்விடும். வால்வில் பட்ட காயம் மட்டும் உள்ளே தடித்துக்கொண்டே இருக்கும். நல்ல மைட்ரல் வால்வு 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் வரை திறக்க வேண்டும். அக்காவுக்கு அது 0.9 ஆகச் சுருங்கியிருந்தது, கூடவே கசிவும். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு மாடிப்படி ஏற முடியாமல் மூச்சு வாங்கியதை 'ரத்தச் சோகை' என்று சொல்லியே இரண்டு வருஷம் ஓட்டினோம்.

செயற்கை வால்வு இரண்டு வகை. மாடு அல்லது பன்றியின் திசுவில் செய்வது ஒன்று. அதைப் பொருத்தினால் காலம் முழுக்க ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை விழுங்க வேண்டிய கட்டாயம் பொதுவாக இல்லை. ஆனால் 10, 15 வருஷத்தில் தேய்ந்துபோகும், இளவயதுக்காரர்களுக்கு இன்னும் சீக்கிரமே. இன்னொன்று கார்பனில் செய்த இரண்டு சின்னக் கதவுகள் கொண்ட மெக்கானிக்கல் வால்வு. உழைக்கும், ஆனால் மாத்திரையை ஒரு நாளும் விட முடியாது. நம் நாட்டிலேயே, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் வலியத்தான் குழுவினர், மூன்று மாதிரிகள் தோற்று நான்காவதில் ஜெயித்து, ஒரு மெக்கானிக்கல் வால்வு செய்தார்கள். 1990 டிசம்பரில் முதல் மனிதருக்குப் பொருத்தப்பட்ட அந்த 'சித்ரா' வால்வு, வெளிநாட்டு வால்வு வாங்க முடியாத எத்தனையோ குடும்பங்களுக்குக் கை கொடுத்தது. அக்காவுக்கு வைத்தது இரட்டைக் கதவு வகை. டிக் டிக் என்பது அந்தக் கதவுகள் சாத்திக்கொள்ளும் ஓசைதான்.

குடத்தை யார் தூக்குவது?

வீட்டுக்கு வந்தபோது அக்காவின் மார்பெலும்பு ஸ்டீல் கம்பியால் கட்டப்பட்டிருந்தது. கை ஒடிந்தால் மாவுக்கட்டு போட்டு அசையாமல் வைக்கலாம். மூச்சு விடுகிற நெஞ்சை எப்படி அசையாமல் வைப்பது? அதனால்தான் அந்த எலும்பு சேர்வதற்கு ஆறு முதல் எட்டு வாரமும், பலமாவதற்குச் சுமார் மூன்று மாதமும் பிடிக்கிறது. அதுவரை 5 கிலோவுக்கு மேல் தூக்காதே, தள்ளாதே, இழுக்காதே என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

சீட்டில் 5 கிலோ என்று எழுதிவிடலாம். நம் வீட்டில் அதற்கு என்ன அர்த்தம்? தெருக்குழாயில் பிடிக்கும் பிளாஸ்டிக் குடம் நிறைந்தால் 15 கிலோ. மாவு அரைக்கும் கிரைண்டர் கல்லைத் தூக்கக் கூடாது. கேஸ் சிலிண்டரை நகர்த்தக் கூடாது. ஓடி வந்து மேலே ஏறும் நாலு வயதுப் பிள்ளையைத் தூக்கக் கூடாது. இதில் கடைசிதான் அக்காவை அழ வைத்தது. அவள் தரையில் உட்கார, சின்னவன் பின்னாலிருந்து கழுத்தைக் கட்டிக்கொள்வது என்று ஒரு ஏற்பாடு செய்தோம். ஆனால் தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடியாதே! கையை ஊன்றினால் எலும்பு விரியும். பிறகு முக்காலி போட்டோம். இந்திய முறைக் கழிப்பறைக்கு மேல் வைக்க, நடுவில் ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை மாமா வாங்கி வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்கு முன்னாலேயே வாங்கி வையுங்கள். முதல் நாள் எங்களுக்கு ஏற்பட்ட சங்கடம் உங்களுக்கு வேண்டாம்.

குடத்தை மாமாதான் தூக்கினார். "ஆம்பளை குடத்தோட குழாயடியில நிக்கிறான்" என்று தெருவில் பேச்சு வந்தது. அக்காவின் மாமியார் வாசலுக்கு வந்து, "ஆமா, நிக்கிறான். அவ நெஞ்சைப் பிளந்து தச்சிருக்கு, நீ வந்து தூக்குறியா?" என்று ஒரே போடாகப் போட்டார். அதன் பிறகு பேச்சில்லை. அந்த மாமியாருக்கும் அக்காவுக்கும் அதற்கு முன் பெரிய ஒட்டுதல் ஒன்றும் கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மற்ற சின்ன விஷயங்கள் ஏராளம். படுக்கையிலிருந்து எழும்போது நேராக எழாமல் ஒருக்களித்துப் புரண்டு, காலைத் தொங்கவிட்டு எழ வேண்டும். இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இரும வேண்டும். மூன்று பந்து இருக்கும் மூச்சுப் பயிற்சிக் கருவியைக் கொடுத்தால் வீட்டில் எல்லோரும் "நல்லா ஊது, ஊது" என்போம். அதை ஊதக் கூடாது, மூச்சை உள்ளே இழுக்க வேண்டும்! பெண்களுக்கு இன்னொன்று: மார்பின் கனம் தையலை இரண்டு பக்கமும் இழுக்கும். கம்பி இல்லாத, முன்பக்கம் கொக்கி வைத்த மெத்தென்ற உள்ளாடை போட்டால் அந்த இழுவை குறையும். இதை வெட்கப்படாமல் ஒரு செவிலியர் சொன்னார், அவருக்குக் கோடி புண்ணியம். தலைக்கு மேல் மாட்டும் நைட்டிக்குப் பதில் முன்னால் திறக்கும் நைட்டி. பைக்கில் பின்னால் உட்காருவது மூன்று மாதத்துக்கு வேண்டாம்.

நடைதான் மருந்து. முதல் வாரம் திண்ணையிலிருந்து முருங்கை மரம் வரை ஐந்து நிமிஷம், காலை மாலை. பிறகு ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, இரண்டு மாதத்தில் அரை மணி நேரம். நடக்கும்போது பேச முடிகிறதா என்பதுதான் அளவு. பேச்சு திணறினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். தாம்பத்தியம் பற்றியும் பலருக்குச் சந்தேகம் இருக்கும், கேட்க மாட்டார்கள். இரண்டு மாடி மூச்சு வாங்காமல் ஏற முடிந்தால் பொதுவாகப் பயமில்லை, எலும்புக்குப் பாரம் வராமல் பார்த்துக்கொண்டால் போதும் என்பதே டாக்டர்கள் சொல்வது.

உடம்பு இப்படித் தேறிக்கொண்டிருக்க, மனசு வேறு பாதையில் போனது. நாலாவது வாரத்திலிருந்து காரணமில்லாமல் அழுகை. டீ கசக்கிறது, குழம்பு இரும்பு மாதிரி இருக்கிறது என்பாள். பக்கத்து வீட்டுப் பெண்ணின் பேர் மறந்துபோகும். "உசுரைக் காப்பாத்திக் கொடுத்திருக்கு, இன்னும் என்னடி அழுகை?" என்று அம்மா கடிந்துகொண்டார். பெரிய இதய அறுவை சிகிச்சைக்குப் பிறகு இந்தச் சோர்வும் மறதியும் பலருக்கும் வருகிறது, பெரும்பாலும் சில வாரங்களில் தானாக விலகுகிறது, விலகாவிட்டால் மருத்துவம் இருக்கிறது என்று அப்போதே தெரிந்திருந்தால் அம்மா கடிந்திருக்க மாட்டார். அக்காவும் முந்தானையால் தையல் தழும்பை மூடிக்கொண்டு ஒரு கல்யாணத்துக்கும் போகாமல் ஆறு மாதம் இருந்திருக்க மாட்டாள்.

கீரைக்கு வந்த தடை

மெக்கானிக்கல் வால்வு வைத்தவர்களின் வாழ்க்கை இரண்டு சொற்களைச் சுற்றி ஓடுகிறது. ஒன்று, ரத்தம் உறைவதைத் தள்ளிப்போடும் மாத்திரை. வார்ஃபரின் அல்லது அசிட்ரோம். இன்னொன்று ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை. நமக்கெல்லாம் அந்த அளவு 1 பக்கத்தில் இருக்கும். மைட்ரல் இடத்தில் மெக்கானிக்கல் வால்வு இருப்பவர்களுக்குப் பொதுவாக 2.5-லிருந்து 3.5-க்குள் வைக்கப் பார்ப்பார்கள். குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டும், ஏறினால் ரத்தக் கசிவு வரும். கயிற்றின் மேல் நடக்கிற மாதிரிதான்.

இந்த மாத்திரையின் பூர்வீகத்தைக் கைப்பேசியில் படித்துவிட்டு, "இது எலி மருந்தாமே!" என்று வந்து நின்றார் உறவினர் ஒருவர். உண்மைதான். அமெரிக்காவின் விஸ்கான்சின் பக்கம், கெட்டுப்போன ஒரு வகைத் தீவனத்தைத் தின்ற மாடுகள் ரத்தம் உறையாமல் செத்தன. ஏன் என்று தேடியதில் கிடைத்த பொருளின் வழியில் வந்தது வார்ஃபரின். 1948-ல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்து, 1954-ல் மனிதர்களுக்கான மருந்தானது. உப்புகூட அளவு மீறினால் விஷம்தானே என்று அவரை அனுப்பிவைத்தோம். ஆனால் அக்கா முகம் மாறியதை நான் கவனித்தேன்.

அடுத்து கீரை. கீரையில் வைட்டமின் கே நிறைய. அது மாத்திரையின் வேலையைக் குறைக்கும். இதைக் கேட்டதும் எங்கள் வீட்டில் கீரையே வரக் கூடாது என்று சட்டம் போட்டாகிவிட்டது. கொல்லையில் முருங்கை பூத்துக் குலுங்க, எட்டு மாதம் ஒரு இணுக்குப் பறிக்கவில்லை. பிள்ளைகளுக்கும் கீரை கிடையாது. பிறகு ஒரு டாக்டர் கேட்டார்: "கீரையை நிறுத்தச் சொன்னது யாரு? வாரத்துக்கு ரெண்டு நாள்னா எல்லா வாரமும் ரெண்டு நாள், ஒரு கரண்டின்னா எப்பவும் ஒரு கரண்டி. அதுக்கேத்த மாதிரி மாத்திரை அளவை நாங்க வச்சுக்கறோம். ஒரு வாரம் சுத்தமா இல்லாம அடுத்த வாரம் தினமும் தின்னாத்தான் வம்பு." அளவு மாறாமல் இருப்பதுதான் விஷயம்!

மற்றபடி, முழங்கால் வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், இபுப்ரூஃபென் மாத்திரைகள் இதோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவு வரலாம். நாட்டு மருந்தோ லேகியமோ, சொல்லாமல் சாப்பிடக் கூடாது. ஒரு வேளை மறந்தால் அன்றைக்கே நினைவு வந்தவுடன் போட்டுக்கொள்ளலாம். மறுநாள் சேர்த்து இரண்டாகப் போடக் கூடாது. புதிதாக வந்திருக்கும், ஐ.என்.ஆர். பார்க்கத் தேவையில்லாத மாத்திரைகள் மெக்கானிக்கல் வால்வுக்குச் சரிப்படாது. "இதுக்குப் பதிலா அது" என்று யார் சொன்னாலும் இதய டாக்டரைக் கேட்காமல் மாற்றிவிடாதீர்கள். பல் பிடுங்குவதற்கு முன் வால்வு வைத்திருப்பதைச் சொல்ல வேண்டும், முன்கூட்டியே ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள். காய்ச்சல் நாலு நாள் விடாமல் அடித்தால் கடையில் மாத்திரை வாங்காமல் நேரே ஆஸ்பத்திரி. வால்வில் கிருமி தொற்றியிருந்தால் ஆன்டிபயாடிக் போடும் முன் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் அக்கா சரியாகத்தான் செய்தாள். ஒன்றைத் தவிர.

சத்தம் மங்கிய ராத்திரி

பதினாலாவது மாதம். வடகம் காயப்போட மொட்டை மாடி ஏறும்போது மூச்சு வாங்குகிறது என்று மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். வெயில் என்றோம். அன்று ராத்திரி கரண்ட் போனது. ஃபேன் நின்று வீடே நிசப்தம். மாமா எழுந்து உட்கார்ந்து, "ஏம்மா, சத்தம் கம்மியா இருக்கே?" என்றார். அவள் நெஞ்சில் காதை வைத்தார். டிக் என்ற ஓசை மழுங்கி, துணியில் சுற்றிய மாதிரி கேட்டது. விடியட்டும் என்று காத்திருக்கவில்லை அந்த மனிதர். தெருமுனை வேன்காரரை எழுப்பித் தஞ்சாவூருக்குக் கிளம்பிவிட்டார்.

ஐ.என்.ஆர். 1.3. எக்கோவிலும், அசையும் எக்ஸ்ரே படத்திலும் பார்த்தால் இரண்டு கதவுகளில் ஒன்று திறக்கவே இல்லை. ரத்தக்கட்டு பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தது. கட்டைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். கரையும்போது துணுக்கு ஒன்று மூளைக்குப் போனால் பக்கவாதம் வரலாம் என்று கையெழுத்து வாங்கினார்கள். இரண்டாம் நாள் காலையில் காவலுக்கு இருந்த மாமா வராந்தாவுக்கு ஓடி வந்து, "கேக்குது... நல்லா கேக்குது" என்றார். சட்டையில் வாய் பொத்தி அழுதார்.

"மாத்திரையை விட்டீங்களா?" என்று டாக்டர் கேட்டபோது, "இல்லையே" என்றாள் அக்கா. ராத்திரி நான் மட்டும் இருந்தபோதுதான் சொன்னாள். மாத்திரை தொடங்கியதிலிருந்து மாதவிலக்கு வந்தால் பத்து நாள். ஒரு மணிக்கு ஒரு முறை நாப்கின் மாற்ற வேண்டும். பாய், சேலை எல்லாம் நனையும். பயந்துபோய் அந்த நாள்களில் மூணு, நாலு நாள் மாத்திரையை நிறுத்திவிடுவாளாம். ஐந்து மாதமாக. ஹீமோகுளோபின் 7-க்கு இறங்கியிருந்தது.

"ஏங்க்கா, ஒவ்வொரு தடவையும் ரத்தம் வருதான்னு டாக்டர் கேக்கறாங்கள்ல, சொல்ல வேண்டியதுதானே?"

"பல்லுல வருதா, மூக்குல வருதா, ஒண்ணுக்குல வருதான்னுதாண்டி கேட்டாங்க. அதுல வரலையே."

எனக்குப் பதில் வரவில்லை. செவிலியராக இருக்கும் தோழியிடம் இதைச் சொன்னபோது, அவள் எனக்கு 'எஸ்.எஃப். 36' என்ற கேள்வித்தாளைக் காட்டினாள். சிகிச்சைக்குப் பிறகு ஒருவரின் வாழ்க்கைத் தரம் எப்படி இருக்கிறது என்று அளக்க உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்களாம். மொத்தம் 36 கேள்விகள். மாடிப்படி ஏற முடிகிறதா, கடைச்சாமான் தூக்க முடிகிறதா, குனிய முடிகிறதா, குளித்து உடுத்த முடிகிறதா, சந்தோஷமாக இருந்தீர்களா... நல்ல கேள்விகள்தான். அக்கா முக்கால்வாசிக்கு 'முடிகிறது' என்றே எழுதியிருப்பாள். மாதவிலக்கைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. தாளைக் குறை சொல்லவில்லை. எல்லா நோய்க்கும் பொதுவாகச் செய்தது அது. ஆனால் நானும் அம்மாவும் அந்தப் பதினாலு மாதத்தில் ஒருநாள்கூட அதைக் கேட்கவில்லை. ஒரே வீட்டில் பாவாடை தாவணி மாற்றிக் கட்டி வளர்ந்தவர்கள் நாங்கள்.

வார்ஃபரின் வகை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கு உதிரப்போக்கு அதிகமாவது டாக்டர்களுக்குத் தெரிந்த விஷயம், வழியும் இருக்கிறது. மகப்பேறு டாக்டரும் இதய டாக்டரும் பேசி, அக்காவின் கர்ப்பப்பையில் ஹார்மோன் சுரக்கும் சின்னச் சாதனம் ஒன்றை வைத்தார்கள். சில மாதத்தில் உதிரப்போக்கு வெகுவாகக் குறைந்தது. இரும்புச்சத்து ஏற்றினார்கள். அக்காவுக்குப் பிள்ளைகள் இரண்டு பேர், போதும். ஆனால் குழந்தை வேண்டும் என்றிருக்கும் பெண்கள், இந்த மாத்திரை முதல் மூன்று மாதத்தில் கருவைப் பாதிக்கலாம் என்பதால், நாள் தள்ளிப் போன பிறகு அல்ல, அதற்கு முன்பே டாக்டரிடம் பேசிவிட வேண்டும். தானாக மாத்திரையை நிறுத்தினால் தாய்க்கு ஆபத்து. வால்வு வைப்பதற்கு முன்னாலேயே இந்தப் பேச்சு நடந்தால் இன்னும் நல்லது. எந்த வகை வால்வு என்ற முடிவே அதைப் பொறுத்து மாறலாம்.

இப்போது மாதம் பிறந்தால் அக்கா ரத்தப் பரிசோதனைக்குப் போகிறாள். சமையலறையில் தினசரி காலண்டர், அந்தத் தேதியின் மேல் ஐ.என்.ஆர். எண்ணை எழுதிவைப்பாள். மாதவிலக்கு நாள்களையும் அதிலேயே வட்டம் போடுகிறாள். யார் கண்ணில் பட்டாலும் கவலைப்படுவதில்லை. குடத்தில் பாதி மட்டும் பிடித்துத் தானே தூக்குகிறாள். மீதிப் பாதிக்கு மாமாதான் இன்னமும் போகிறார். போன தை மாதம் ஒரு கல்யாணத்துக்கு வந்தாள். கழுத்துக்குக் கீழே தழும்பின் நுனி தெரிந்தது. மண்டபத்தில் ஒரு கிழவி "என்னடி ஆத்தா இது?" என்று தொட்டுப் பார்க்க, பக்கத்தில் உட்காரவைத்துச் சத்தத்தையும் கேட்கச் சொல்லியிருக்கிறாள்.

நேற்று போன் செய்தேன். "2.8" என்றாள், எடுத்த எடுப்பில். மூச்சு வாங்குதா, தலை சுத்துதா என்று நான் ஆரம்பிக்க, "எல்லாம் சரியாத்தான் இருக்கு. இன்னிக்கு புதன்கிழமை, முருங்கைக்கீரை நாள். அடுப்புல இருக்கு, அடிப்பிடிக்கும், வை போனை" என்று வைத்துவிட்டாள்.